அத்தை சொல்லாமல் விட்ட முள்

காரோடு வந்த கையேட்டை என் மாமியார் முதன்முதலாக விரித்தது குரோம்பேட்டை மருத்துவமனையின் டயாலிசிஸ் படுக்கையில்தான். இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி இயந்திரத்தோடு இணைத்திருந்தார்கள். வலது கை மட்டும் சும்மா இருந்தது. நான்கு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். அன்று செய்தித்தாளை எடுத்துவர மறந்திருந்தேன். "படிக்க ஏதாவது குடும்மா. எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். கீழே ஓடிப்போய் வண்டிக்குள் கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் வாசிக்க ஆரம்பித்தார். பல்லாவரத்தில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர் அவர். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், மருந்துப் பெட்டியின் மேலட்டை என்று எது வந்தாலும் பார்த்தவர். "புரியணும்னு அவசியமில்ல. போட்டிருக்கிறது சரியா இருக்கான்னு பார்க்கணும், அவ்வளவுதான்" என்பார். அரைமணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "கூலன்ட் நாலு புள்ளி ரெண்டு லிட்டர்னு இங்க இருக்கு, பின்னாடி அட்டவணையில நாலு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்கான். எது சரி?" என்று கேட்டார். எஞ்சின் சூடேறாமல் இருக்க ஊற்றும் திரவம்தான் கூலன்ட் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அந்த வண்டி என் கணவர் வாங்கியது. எங்கள் கைக்கு வரும்போதே ஏழு வயதாகியிருந்த சிறிய பெட்ரோல் கார். வாங்கிய ஆறாவது மாதம் அவருக்கு வளைகுடாவில், கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் போன அதே ஆண்டில் அவருடைய அம்மாவின் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தின. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாட்கள் பள்ளிக்கரணையிலிருந்து குரோம்பேட்டைக்குப் போக வேண்டும். ஆட்டோவில் போய்த் திரும்பினால் அத்தைக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அதனால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் வேலை வீட்டிலிருந்தே மாலையில் கணினியில் செய்வது என்பதால் காலை நேரம் என்னிடம் இருந்தது. ஓட்டுவது ஒரு மாதத்தில் வந்துவிட்டது. வண்டியைப் புரிந்துகொள்வதுதான் கடைசிவரை வரவில்லை.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எஞ்சின் ஆயிலுக்கு ஐந்து டபிள்யூ முப்பது என்று கையேட்டில் இருந்தது. கீழ்க்கட்டளையில் நாங்கள் வண்டி விடும் மெக்கானிக், "அதெல்லாம் குளிர் நாட்டுக்கு சார் போட்டது மேடம், நம்ம வெயிலுக்கு இருபது நாப்பதுதான் நிக்கும்" என்றார். ஒரே வாக்கியத்தில் அவர் என்னை சாராகவும் மேடமாகவும் ஆக்கியதில் நான் எண்களைக் கோட்டைவிட்டேன். டயருக்குக் காற்று முப்பத்து மூன்று என்று கதவோரத்தில் ஒட்டியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் கேட்காமலே முப்பத்தைந்து ஏற்றினார்கள். கோடையில் முப்பதுக்கு மேல் போனால் வெடித்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தினார். கணவர் வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் அழைக்கும்போது கேட்டால், "மெக்கானிக் சொல்றதைக் கேளு" என்பார். அத்தையிடம் கேட்டால், "புத்தகத்துல போட்டிருக்கிறதுதான் சரி" என்பார். ஏன் சரி என்று கேட்டால், "அது போடல" என்பார். கூலன்ட் தொட்டியில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இருப்பதை நான் காட்டியபோது மட்டும் சிரித்தார். "எனக்கும் டாக்டர் அப்படித்தான் கோடு போட்டுக் குடுத்திருக்கார்" என்றார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் அவர் குடிக்கக்கூடாது. மருந்து விழுங்கும் தண்ணீரும் அதில்தான் சேர்த்தி.

எங்களுக்குள் பெரிய நெருக்கம் இருந்ததில்லை. பகையும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், அவ்வளவுதான். அந்தக் கையேடு வந்த பிறகு எங்களுக்குப் பேசுவதற்கென்று ஒன்று கிடைத்தது. வண்டியில் அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துச் சொல்வார். கையேட்டில் அதை அடிக்கடி கவனிக்கச் சொல்லி எச்சரிக்கைக் கட்டம் ஒன்று இருந்ததாம். கோவிலம்பாக்கம் வந்ததும், "முள்ளு பாதிக்குக் கீழ இருக்கு." மேம்பாலம் ஏறும்போது, "பாதியிலேயே நிக்குது." முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அது பழகிப்போய், நான் அந்த முள்ளைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பல்லாவரம் போகும் அந்த ரேடியல் சாலையில் தண்ணீர் லாரிகளுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் நடுவே புகுந்து போவதற்கே என் இரண்டு கண்களும் போதவில்லை.

அது கோடையில் ஒரு சனிக்கிழமை காலை. ஏழரை மணிக்கே வெயில் சுட்டது. கோவிலம்பாக்கம் தாண்டியபோது ஏசி குளிரவில்லை. நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். சர்க்கரைப் பாகு காய்ச்சுவது போன்ற ஒரு வாசனை வந்தது. ஏதோ கடையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கீழ்க்கட்டளை ஏரிப் பக்கம் போனபோது பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்ணிறமாக ஆவி கிளம்பியது. முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முள் மேல் கோட்டையும் தாண்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த எல்லா வண்டிகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. எப்படியோ ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன்.

எதிர்ப்புறம் நின்றிருந்த ஓர் ஆட்டோக்காரர் சாலையைக் கடந்து வந்தார். "இன்னாக்கா, ஹீட்டாயிச்சா? ஒண்ணியும் பேஜார் இல்ல. ரேடியேட்டர் மூடியத் தொறந்து தண்ணி ஊத்துனா பத்து நிமிஷத்துல போய்க்கினே இருக்கலாம்" என்று பானெட்டைத் தூக்கினார். எனக்கு அவர் தெய்வம் போலத் தெரிந்தார். எட்டு மணிக்கு அத்தைக்குப் படுக்கை. தாமதமானால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். "தொறங்கண்ணா" என்றேன்.

அதற்குள் அத்தை இறங்கி வந்துவிட்டார். வீங்கிய கால்களோடு வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்து, ஆட்டோக்காரருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்த இடது கையை நீட்டினார்.

"தொறக்காதப்பா. சூடா இருக்கும்போது தொறக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. அரை மணி நேரம் ஆறணும்."

"நானு எத்தினி வண்டி பாத்துகினு கீறேன்மா. துணியப் போட்டுத் தொறந்தா ஒண்ணியும் ஆவாது."

"மூஞ்சியில அடிக்கும்ப்பா. வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். புத்தகம் சரியா, இத்தனை வண்டிகளைப் பார்த்த மனிதர் சரியா என்று தீர்மானிக்கும் அறிவு என்னிடம் இல்லை. அத்தை கையை எடுக்கவும் இல்லை. ஆட்டோக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, "சரி, ஆறட்டும். நான் இங்கதான் கீறேன்" என்று தன் வண்டி நிழலுக்குப் போனார்.

நாங்கள் இருவரும் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தோம். பாட்டிலிலிருந்து ஒரு மூடி அளவு தண்ணீரை ஊற்றி அத்தை உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோவிலம்பாக்கத்தில் அவர் எதுவும் சொல்லவில்லை. மேம்பாலத்திலும் சொல்லவில்லை.

"நீங்க இன்னைக்கு முள்ளைப் பார்க்கலையா அத்தை?"

"பார்த்தேன்" என்றார்.

"ஏறிச்சா?"

"ஏறிக்கிட்டே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வண்டி நின்னுட்டா இன்னைக்கு ஒரு நாள் போக வேணாமேன்னு தோணுச்சு. நானா வரலைன்னு சொன்னா எல்லாரும் திட்டுவீங்க. வண்டி நின்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வண்டி எரிந்து போயிருந்தால்? நடுச்சாலையில் நின்று பின்னால் ஒரு லாரி மோதியிருந்தால்? எல்லாவற்றையும் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரு நாள் மட்டும் போக வேணாம்னு நினைச்சேனா, இனிமேலே போக வேணாம்னு நினைச்சேனான்னு எனக்கே தெரியலம்மா" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை.

அரைமணி நேரம் கழித்து ஆட்டோக்காரர் வந்து துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகினார். அப்போதும் அது உஸ்ஸென்று சீறியது. அவர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அம்மா சொன்னது கரீட்டுதான்" என்றார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. பாட்டிலை ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் அடியில் ஒழுகியது. கூலன்ட் போகும் ரப்பர் ஹோஸ் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. வண்டி இனி அன்றைக்கு நகராது.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். காலைப் படுக்கை போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு ஒன்று காலியாகும், வருகிறீர்களா என்று கேட்டார்கள். இன்று விட்டால் அடுத்தது செவ்வாய்தான். வியாழனுக்குப் பிறகு ஐந்து நாள் இடைவெளி ஆகிவிடும், மூச்சு முட்டும், இதயத்துக்கு ஆபத்து என்று செவிலியர் சொன்னார். அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நீ என்ன சொல்ற?" என்றார்.

அவர் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. போகலாம் என்று சொல்வது என் கடமை என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசி ஏறும்போது அவர் பற்களைக் கடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணை மூடியபடி கிடப்பதைப் பார்த்தவளும் நான்தான். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? போங்கள் என்று சொல்லவும் நான் யார்? வாய் திறந்தபோது வந்தது இதுதான்: "எனக்குத் தெரியல அத்தை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு படியிலிருந்து மெல்ல எழுந்து, ஆட்டோவில் போய்த் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். "வண்டியப் பூட்டிட்டு வா. பன்னெண்டு மணிக்குள்ள போகணும்" என்றார்.

அன்று மாலை மெக்கானிக் வண்டியை இழுத்துப்போய் ஹோஸை மாற்றினார். சூட்டோடு இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும் என்றார். பச்சைத் தண்ணீரே போதும் என்றவரிடம், கையேட்டில் போட்டிருக்கும் கூலன்ட்தான் வேண்டும் என்று முதன்முறையாக வாதாடினேன். எத்தனை லிட்டர் என்று அவர் கேட்டபோது நாலு புள்ளி ஒன்றா இரண்டா என்று குழம்பி, மேல் கோடு வரைக்கும் என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அத்தை வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொன்னார். முன்பைவிட அடிக்கடி சொன்னார். நானும் அவருக்குத் தெரியாமல் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேன். அவருக்கு அது தெரிந்தே இருக்கும். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. அவர் எனக்காக வருகிறாரா, தனக்காக வருகிறாரா, பயந்து வருகிறாரா என்று ஒவ்வொரு பயணத்திலும் நினைத்துக்கொள்வேன். கேட்கத் துணிவு வரவில்லை. எட்டு மாதங்கள் அப்படிப் போயின. பிறகு ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், புறப்பட வேண்டிய நேரத்துக்கு முன்பே, தூக்கத்தில் போய்விட்டார். அன்று வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை.

கணவர் இப்போது வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். அதே காரைத்தான் வைத்திருக்கிறோம். அவர்தான் ஓட்டுகிறார். அத்தை அன்று முள்ளைச் சொல்லாமல் விட்டதை அவரிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவைக் குறை கூறியது போலாகுமோ, சொல்லாவிட்டால் மறைத்தது போலாகுமோ என்று தெரியாமலே காலம் ஓடிவிட்டது. போன மாதம் பல்லாவரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கீழ்க்கட்டளை சிக்னலில் நெடுநேரம் நின்றோம். என்னையறியாமல் சொல்லிவிட்டேன். ஆட்டோக்காரர், பூட்டிய கடை, அத்தை கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும்.

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

"என்கிட்டயும் கேட்டாங்க" என்றார். "அதுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை போன்ல. நிறுத்திடட்டுமாடான்னு கேட்டாங்க. நான் கத்திட்டேன். பைத்தியமா உனக்குன்னு கத்திட்டு வச்சிட்டேன்."

பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். மகன் கத்தியதற்கு அடுத்த நாள் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தவர், மருமகள் தெரியாது என்று சொன்னதும் எழுந்துபோய் ஆட்டோவில் ஏறினார். ஏன் என்று என் கணவர் என்னைக் கேட்டார். அவரிடமும் தெரியவில்லை என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.