உள்ளே எத்தனை பேர்

எங்கள் அண்ணியைத் துறைமுகத்தில் எல்லோரும் 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே, "யாரையோ கூட்டிட்டு வரேன்னியே, எங்கடா ஆளு?" என்று பெரியப்பா கேட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஒல்லி உடம்புக்குத்தான் துறைமுக மீட்புக் குழுவில் வேலை கிடைத்தது.

கப்பல் கட்டுகிற மகராசர்கள் தொட்டிக்கும் சரக்கு அறைக்கும் உள்ளே இறங்க ஒரு ஓட்டை விடுகிறார்கள். முதுகில் காற்று சிலிண்டரோடு ஒருத்தர் அதில் நுழைய முடியுமா என்று யோசிக்கவே மாட்டார்கள். இறங்கப் போவது அவர்களா என்ன? எங்கள் குழுவில் தோள் அகன்ற ஆண்கள் பாதியில் மாட்டிக்கொண்டு கால் உதைப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டரைக் கழற்றினால் நுழையலாம். கழற்றினால் செத்தும் போகலாம். அண்ணி ஒருத்திதான் சிலிண்டரோடு அப்படியே வழுக்கி இறங்குவாள்.

நான் அதே குழுவில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிறவள். அண்ணி உள்ளே போனால் கயிற்றின் மறுமுனை என் கையில்தான் இருக்கும். வீட்டில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்று தினமும் எங்களுக்குள் சண்டை. வேலைக்குப் போனால் மூச்சுக்கூட ஒன்றாகத்தான் விடுவோம்.

அன்று மரக்கட்டை ஏற்றி வந்த கப்பல். மூடிய அறையில் பச்சை மரம் கிடந்தால் அங்கிருக்கும் ஆக்சிஜனை எல்லாம் குடித்துவிடும். பக்கத்தில் இறங்கும் படிக்கட்டு அறையையும் விடாது. வாசனை கிடையாது, புகை கிடையாது. நாலு படி இறங்குகிறவன் ஐந்தாவது படியில் சுருண்டு விழுவான். கப்பலில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் காற்றைச் சோதிக்காமல் ஒரு பையனைப் பெயின்ட் டப்பா எடுக்க அனுப்பியிருக்கிறார்கள்.

நாங்கள் மேல்தளத்துக்கு ஏறியதும் அண்ணி முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின் சீஃப் ஆபீசரிடம் கேட்டாள்.

"உள்ள எத்தனை பேரு சார்?"

"ஒருத்தன்தான்."

"நல்லாத் தெரியுமா?"

"ஒருத்தன்தான்னு சொல்றேன்ல? சீக்கிரம் இறங்கும்மா."

சுற்றிலும் கப்பல் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். பயம்தான், ஆனால் செத்துக்கொண்டிருந்தவனுக்காக வந்த பயம் இல்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

அண்ணி இறங்கினாள். முதல் திருப்பத்திலேயே பையன் கிடந்தான். தூக்கும் பட்டையை அவனுக்கு மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தாள், நாங்கள் மேலே தூக்கினோம். ஆக்சிஜன் வைத்ததும் அவன் இருமினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணியும் ஏறி வந்து முகமூடியைக் கழற்றினாள். கழற்றியவள் பையனைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் டார்ச் லைட் கயிற்றோடு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவன் லைட் இவன்கிட்டயே இருக்கு. அப்போ இன்னும் கீழ ஒரு லைட் எரியுதே, அது யாரோடது?"

சீஃப் ஆபீசர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "டேய், யாராவது வாயைத் திறங்கடா! கீழ யாரு?"

சமையல்காரர்தான் உடைந்தார். "இன்னொரு பையன் இருக்கான்மா. இவனுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வான்னு சார்தான் இறக்கிவிட்டாரு."

முகமூடி இல்லாமல், சோதிக்காமல், முதல் ஆள் விழுந்த அதே இடத்துக்கு! அந்தத் தப்பை மறைக்கத்தான் 'ஒருத்தன்தான்'. அந்த ஒரு சொல்லால் அடியில் ஒருவன் மூச்சில்லாமல் கிடந்தான், நாங்கள் மேலே நின்று முதல் ஆள் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நான் புது சிலிண்டர் மாட்டினேன், அண்ணி மறுபடி இறங்கினாள். இந்த முறை கயிறு போய்க்கொண்டே இருந்தது. அவள் கொண்டுவந்தவனுக்கு உயிர் இல்லை. எல்லோரும் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்திப் பார்த்தோம். கடைசியில் கரையிலிருந்து வந்த டாக்டர் எங்கள் கையை விலக்கிவிட்டார்.

அண்ணி எழுந்து போய் சீஃப் ஆபீசர் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். கப்பல் கம்பெனி புகார் கொடுத்தது. செத்த பையன் சொல்பேச்சுக் கேட்காமல் தானாக இறங்கினான் என்று அவன் வீட்டுக்குத் தகவல் போனது. எங்கள் அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா, இதோட முடிச்சுக்கலாம்" என்றார். இல்லாவிட்டால் வேலை போகும். வீட்டில் அண்ணன், "கேட்காதே" என்றான். அண்ணி கேட்கிறேன் என்றாள். நான் அவளோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

அதிகாரி அறையில் சீஃப் ஆபீசரும் கம்பெனி ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"உங்களை அடிச்சது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றாள் அண்ணி. சுருக்கமாக, தெளிவாக.

கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கினார். "இருங்க சார், ஒருத்தர் வெளியில காத்திருக்காரு" என்று அண்ணி கதவைத் திறந்தாள்.

செத்த பையனின் அப்பா அவர், உடலை வாங்க வந்திருந்தார். இங்கே வரும்படி அண்ணிதான் சொல்லியிருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லாமல். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், சீஃப் ஆபீசரின் சீருடையைக் கண்டதும் நேரே போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்கதான் பெரியவரா? எம் பையன் உங்க பேச்சைக் கேக்காம இறங்கிட்டானாமே. வீட்டுல அப்படி இல்லீங்க, சொன்ன பேச்சைத் தட்ட மாட்டான். உங்களுக்கு எவ்வளவு சங்கடம். அவனை மன்னிச்சிடுங்க."

அண்ணி சீஃப் ஆபீசரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கையை உருவப் பார்த்தார். அப்பா விடவில்லை.

"அவன் பேச்சைத் தட்டலங்க" என்றார் சீஃப் ஆபீசர். கம்பெனி ஆள் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் திரும்பவில்லை. "நான் சொன்னேன். அவன் இறங்கினான்."

அப்பா அப்போதும் கையை விடவில்லை. "அப்படிச் சொல்லுங்க" என்றார். "அவன் தட்ட மாட்டான்."