வெர்னா திறக்காத ஒரே பாட்டில்

முதல் சொட்டு வாய்க்கு இல்லை, உள்ளங்கைக்கு. வெர்னா ஹேகன் விஸ்கி கிளாஸைச் சாய்த்து இடது கையில் ஒரு சொட்டு விடுவாள். இரண்டு கைகளையும் சூடு பறக்கத் தேய்த்து, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு குனிந்துவிடுவாள். ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நாசூக்காக விலகிப் போவார்கள். முதலில் காரம் பறந்து போகும். பிறகு மரம் வரும். கடைசியில்தான் தானியம் வரும். தானியம் வருகிற வரைக்கும் அவளிடம் யாரும் பேசக் கூடாது.

"சோளம்," என்பாள் தலையைத் தூக்கி. "நல்ல சோளம்தான். ஆனா அவசரப்பட்டு பீப்பாயிலேருந்து எறக்கிட்டானுங்க. இன்னும் ரெண்டு கோடை பார்த்திருக்கணும்."

"நாப்பது வருசமா முடி சுருட்டுற மருந்தை மோந்த மூக்கு அது," என்பான் மாடு வளர்க்கிற டாயில் பல்லார்ட். "அதுக்குச் சோளம் எங்க தெரியப்போவுது?"

"மாட்டுக் கொட்டகை மூக்குக்கு என் மூக்கு தேவலை. நீ குடி."

பார்ட்ஸ்டவுனில் செப்டம்பர் மாதம் நடக்கிற பர்பன் என்னும் சோள விஸ்கித் திருவிழா என்றால், புல்வெளியின் கீழ்க் கோடியில் இருக்கிற அந்த மேப்பிள் மரத்தடி வெர்னா கூட்டத்துக்கு எழுதி வைத்த இடம். யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. ஊர் விழிக்கும் முன்பே நான்கு மடக்கு நாற்காலிகள் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு ஜாடியில் வெர்னா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இருக்கும். விஸ்கியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட வேண்டுமென்றால் அதுதான். "குழாத் தண்ணி ஊத்தினா விஸ்கி மொகத்தைத் திருப்பிக்கும்" என்பது அவள் கட்சி. டாயிலின் மனைவி ஜோயெட்டா, உப்புப் போட்டு ஒரு வருஷம் தொங்கவிட்ட பன்றித் தொடைக்கறியை மெல்லிசாகச் சீவி, குட்டி ரொட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவாள். அவள் குடிப்பதில்லை. கார் அவள் கையில். "நாலு பேர்ல ஒருத்திக்காவது வீட்டுக்கு வழி தெரியணுமே" என்பாள்.

உறவைச் சொல்லாமல் இவர்களைச் சொல்ல முடியாது. வெர்னாவின் அம்மா கிரீன்வெல் வீட்டுப் பெண். ஜோயெட்டாவுடைய அப்பாவைப் பெற்றவளும் அதே வீட்டில் பிறந்தவள்தான். ஆகவே வெர்னாவும் ஜோயெட்டாவும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். எந்த முறை என்பதில் இருவருக்கும் இன்னும் தகராறு. நான்காவது நாற்காலி ரேமண்ட் செசிலுடையது. அவன் வெர்னாவின் கூடப்பிறந்த தங்கை லூசிலைக் கட்டியவன். ஊருக்குத் தபால் கொடுத்தவன். லூசில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ரேமண்டுக்கு வெர்னா வீட்டில்தான் சாப்பாடு. மாதம் ஒரு முறை அவன் தலையையும் அவளே வெட்டிவிடுவாள். காசு கொடுத்தால் கத்தரிக்கோலைக் காட்டுவாள்.

அந்தக் கத்தரிக்கோல்தான் அவளுடைய பிழைப்பு. வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை உலர்த்தும் பழைய இயந்திரம் ஒன்று. ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் தலை அங்கேதான் சாய்கிறது. திருவிழா நாட்களில் மட்டும் கதவு சாத்தியிருக்கும். அவளுடைய அண்ணன் பேத்தி ஒருத்தி, தெரியாத்தனமாகத் திருவிழாச் சனிக்கிழமையில் கல்யாணத்தை வைத்துவிட்டாள். "தாராளமா கட்டிக்க கண்ணு. தலையை மட்டும் நீயே சீவிக்க," என்றாள் வெர்னா. கல்யாணம் அக்டோபருக்குப் போனது.

அவளுக்குப் பிடிக்காத சனம் ஒன்று உண்டு. விடியற்காலையிலேயே வரிசையில் நின்று அபூர்வமான பாட்டிலை வாங்கி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நேரே காருக்குப் போகிறவர்கள். போன வருஷம் அப்படிப் போன ஒரு சின்சினாட்டிக்காரரை மரத்தடியில் மடக்கினாள்.

"என்ன பண்ணப்போறீங்க அதை?"

"அலமாரில வெக்கப்போறேன்மா. வெல ஏறும்."

"அதை வடிச்ச மனுசன் எதுக்கு வடிச்சான்? அலமாரிக்கா? தொறக்கறதுக்கு ஒரு நல்ல நாள் வேணும்ல. உங்களுக்குக் கல்யாண நாள் எப்போ?"

"இன்னிக்குத்தான்," என்றார் அவர், அப்போதுதான் ஞாபகம் வந்தவராக.

"அப்போ இங்க நின்னுக்கிட்டிருக்கீங்களே, போயி மொதல்ல சம்சாரத்துக்குப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் நான் இதைத் திறந்து வெக்கிறேன்." திறந்தே விட்டாள். அவர் திரும்பி வந்து, திகைத்து, உட்கார்ந்து குடித்து, சாயங்காலம் பாட்டுப் பாடிவிட்டுப் போனார். இந்த வருஷமும் தேடிக்கொண்டு வந்தார், மனைவியோடு.

இப்படிப்பட்டவள் திறக்கவிடாமல் வைத்திருந்த பாட்டில் ஒன்றே ஒன்று.

லூசில் இருந்த காலத்தில், பக்கத்து ஆலை ஒன்றில் ஒரே பீப்பாயிலிருந்து இறக்கிய விஸ்கியை ஐந்து பேருமாகச் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கினார்கள். கூட்டத்தில் யாராவது ஊரை விட்டுப் போகும்போதுதான் அதைத் திறப்பது என்று பேச்சு. யோசனை லூசிலுடையது. சாவு கணக்கில் வராது என்றும் அவளே சொல்லியிருந்தாள். "செத்தவங்க எங்க போறாங்க? தேவாலயத்துக்குப் பின்னாடி மேட்டுலதானே கெடக்கப்போறோம்." அதனால் அவளைப் புதைத்த அன்று அந்தப் பாட்டிலை யாரும் தொடவில்லை. பாட்டில் டாயில் வீட்டில், அவன் காவலில் இருந்தது. வருஷா வருஷம் யாராவது அதை ஞாபகப்படுத்தினால், "அது கெடக்கு விடு," என்று வெர்னா பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்த வருஷம் மாற்ற முடியவில்லை. ரேமண்டுக்குக் கண் மங்கிவிட்டது. வசந்தத்தில் காரை எடுத்தவன், எத்தனையோ வருஷம் தானே தபால் போட்ட பெட்டி ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டான். மகள் அரிசோனாவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் பயணம், அங்கேயே தங்கிவிட.

"அங்க செப்டம்பர்லயும் கொளுத்துமாம்," என்றான் ரேமண்ட்.

"பல்லிகூட செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் நடக்குமாம்," என்றான் டாயில்.

"பொண்ணு கூப்பிடுறா. போகத்தானே வேணும்," என்றாள் வெர்னா. இதையே அவள் ஆறு மாதமாக, கேட்டவர்களிடமெல்லாம், ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிவந்தாள்.

சனிக்கிழமை வெயில் சாய்ந்த பிறகு டாயில் ஒரு துண்டைப் பிரித்துப் பாட்டிலை வெளியே எடுத்தான். மூடியைத் திருகினான். தக்கையின் மேல்பாகம் கையோடு வந்தது. மீதி, ஊறிப்போன ரொட்டி மாதிரி கழுத்துக்குள்ளேயே பொடிந்து உள்ளே விழுந்தது. மூன்று விரல் அளவுக்கு விஸ்கியும் குறைந்திருந்தது. லேபிளில் கசிந்த கறை.

வெர்னா பாட்டிலைப் பார்க்கவில்லை, டாயிலைப் பார்த்தாள். "எப்படி வெச்சிருந்த?"

"வீட்லதான்."

"வீட்ல எப்படின்னு கேக்கறேன். நிக்கவா, படுக்கவா?"

டாயில் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பதில் ஜோயெட்டாவிடமிருந்து வந்தது. "எங்க மாப்ள கலிபோர்னியாவுலேருந்து ஒரு மர அடுக்கு வாங்கியாந்தார் பாரு, ஓட்டை ஓட்டையா இருக்குமே. சும்மா கெடக்குதேன்னு இவர் இதை அதுல சொருகிட்டார்."

"அது வைன் வெக்கிற அடுக்குடா, பாவி," என்றான் ரேமண்ட். கோபத்தைவிட அவன் குரலில் சிரிப்புத்தான் அதிகம். "வைனைப் படுக்க வெப்பான். விஸ்கியைப் படுக்க வெச்சா தக்கையத் தின்னுடாதா? இந்த ஊர்ல நடக்கப் பழகாத புள்ளைக்கும் தெரியுமே."

"பார்க்க லட்சணமா இருந்துச்சு," என்றான் டாயில்.

"உன்னையும் அப்படித்தான் நெனச்சுக் கட்டிக்கிட்டேன்," என்றாள் ஜோயெட்டா.

மரத்தடி சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி, கையில் ஒரு சொட்டு விட்டாள். தேய்த்தாள். குனிந்தாள்.

வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தாள். கூடாரத்துப் பக்கம் பாஞ்சோ வாசிக்கிறவன் ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிட்டான். கெட்டுப்போச்சு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மூக்கை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. விஸ்கியைப் புல்லில் ஊற்றிவிடலாம். பாட்டிலைத் திறந்ததாகவே ஆகாது; திறக்காத வரைக்கும் யாரும் போனதாகவும் ஆகாது. உள்ளங்கைக்குள் இருந்தபடியே அவள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தாள் என்பது, அந்தக் குனிந்த முதுகைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரேமண்டுக்குத் தெரிந்தது.

"கெட்டிருந்தா விட்ரு வெர்னா," என்றான் அவன் மெதுவாக. "பரவால்ல."

அவள் தலையைத் தூக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "மேலாப்ல ஈரச் சாக்கு வாசனை நிக்குது. அது கொஞ்சம் காத்துப் பட்டாப் போயிடும். அடியில அப்படியே இருக்கு. கேரமல், பதம் பண்ணின தோல், நல்ல கருக்கின மரம். இந்தப் பீப்பாயைப் பொறுக்கின லூசிலுக்கு மூக்கு இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது."

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. காபிக் கடையில் வடிகட்டும் தாள் நான்கு வாங்கிவந்தாள் ஜோயெட்டா. கிணற்றுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஜாடியில் வடித்தார்கள். காலிப் பாட்டிலைத் தண்ணீரில் அலசப் போன டாயிலின் கையில் வெர்னா ஒரு தட்டுத் தட்டி, வேறு விஸ்கியைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். அலசி, தூள் போக்கி, வடித்ததைத் திரும்ப ஊற்றியபோது, பாட்டில் தேன் நிறத்தில் தெளிந்து நின்றது.

மூன்று கிளாஸ். ஜோயெட்டா ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு, "தீ மாதிரி இருக்கு, இதுக்கா இத்தனை வருசம்," என்றாள். மற்ற மூவரும் வாயில் வைத்து மென்றார்கள். இந்தப் பக்கத்தில் விஸ்கியை மெல்லத்தான் வேண்டும். கன்னத்துக்குக் கன்னம் மாற்றி, சோற்றை மெல்லுவதுபோல.  

"ஈரச் சாக்கு போயிடுச்சு," என்றான் ரேமண்ட் கடைசியில்.

"சொன்னேன்ல."

இரண்டாம் சுற்று ஊற்றினாள். மூன்றாவதற்கு டாயில் கிளாஸை நீட்டியபோது பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேறு பாட்டிலின் தக்கை ஒன்றைத் தேடி, கழுத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று இரண்டு மூன்றை மாற்றிப் பார்த்து, ஒன்றை அழுத்தி மூடினாள். பாட்டிலில் சரிபாதி மிச்சம்.

டாயிலுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், என்ன பண்ற? உன் வாயாலதானே சொல்லுவ, தொறந்தா குடிச்சு முடின்னு. பாதி பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? காத்து பூந்துடும். ஒரு வருசம் போனா பச்சத் தண்ணி."

"ஒரு வருசம் தாங்கும்," என்றாள் வெர்னா. "அடுத்த செப்டம்பர் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது." இதை டாயிலிடம் சொன்னாள், பார்த்தது ரேமண்டை.

ரேமண்ட் தன் காலி கிளாஸின் அடியை வெளிச்சத்துக்குக் காட்டி, அதில் ஏதோ இருப்பதுபோல நெடுநேரம் பார்த்தான்.

"பிளேன்ல வர்றதுக்கு மகளைக் கேக்கணும்," என்றான்.

"கேளு."

நாற்காலிகளை மடக்கினார்கள். குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஜோயெட்டா காரைப் புல் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, வெர்னா பாட்டிலோடு ஏறப் போவதைக் கண்டு கதவில் கையை வைத்து மறித்தாள்.

"தொறந்த பாட்டிலை மடியில வெச்சுக்கிட்டு என் வண்டில ஏறாத தாயே. போலீசுக்காரனுக்கு யாரு பதில் சொல்றது? டிக்கில வை."

வெர்னா டிக்கியைத் திறந்தாள். பாட்டிலைக் கூடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தாள், சாய்ந்தது. பக்கத்தில் நின்ற ரேமண்டின் கையில் தொங்கிய கம்பளிக் கோட்டை, கேட்காமல் உருவினாள். பாட்டிலைச் சுற்றி ஒரு சுற்று, கழுத்தடியில் ஒரு சுற்று, கோட்டின் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து ஒரு முடிச்சு. தட்டிப் பார்த்தாள். ஆடாமல் நிமிர்ந்து நின்றது.

ரேமண்ட் குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, கோட்டுக்காகக் கையை நீட்டினான். வெர்னா கோட்டை அவிழ்க்காமலே டிக்கியை மூடினாள்.