கொள்கை அவருக்கு, வாளி எனக்கு

இளம்பச்சை நிறத்தில் ஒரு சுருள். தொட்டால், துவைத்துத் துவைத்து நைந்த மல் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். பணி ஓய்வு பெற்று நாலு மாதமே ஆகியிருந்த என் வீட்டுக்காரர் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, "இனிமே நம்ம வீட்டுக்குள்ள பிளாஸ்டிக் குப்பைப் பை வரக்கூடாது. இது மக்குற பை" என்று அறிவித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பது வருஷம் அலுவலகத்தில் சுற்றறிக்கை அனுப்பிப் பழகிய குரல் அது. நல்ல காரியம்தான் என்று நானும் நினைத்தேன். திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருமுனையில் மாடுகள் கறுப்புப் பையைக் குப்பையோடு சேர்த்து மெல்லுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். எனக்கும் வயிறு எரியும். அதனால் மறுத்துப் பேசவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

பையோடு விதிகளும் வந்தன. ஈரத்தோடு எதையும் போடக்கூடாது. டீத்தூளைப் பிழிந்துதான் போட வேண்டும். குழம்பு மிச்சத்தை வடித்து, செய்தித்தாளில் பொதிந்து போட வேண்டும். "யாரு வடிக்கிறது?" என்று கேட்டேன். "இதென்ன கேள்வி?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நாங்கள் குடியிருப்பது மாடியில். காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும், ஒழுகும் பைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தபடி பதினெட்டுப் படி இறங்குவது நான். வாளியின் அடியில் தேங்கியதைக் கழுவுவதும் நான். "ஏங்க, ஒழுகுதுங்க" என்று சொல்லாத நாளில்லை. "நீ தண்ணிய நல்லா வடிச்சிருக்க மாட்டே" என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரேயடியாக இருபது சுருள் வரவழைத்துத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் அடுக்கினார். சித்திரை வெயிலில் வெந்து, விரிக்கும்போதே கிழிந்தன. பெட்டியிலேயே காலாவதித் தேதி போட்டிருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். அதற்கும் ஏதோ சமாதானம் வைத்திருந்தார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆவுடையார்கோவிலில் இருக்கும் தன் தம்பிக்குப் போனிலும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு நேரிலும், "எங்க வீட்ல பிளாஸ்டிக் பையே கெடையாது. ஒரு பழக்கம்தான், ஒண்ணும் கஷ்டமில்ல" என்று அவர் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் கீழே இறங்க வேண்டும். வாய்விட்டே சொன்னேன். "நாளைக்குப் போறேன்" என்றார். அந்த நாளை வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கினோம். மறுநாள் காலை, ஓட்டின் முனை குத்தி, பாதிப் படியில் பை அடியோடு பிய்ந்துபோனது. நண்டு ஓடும் குப்பைத் தண்ணீரும் என் காலடியில் கொட்ட, வழுக்கி விழுந்தேன். ஊன்றிய வலது கையில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் அசைக்கக்கூடாது என்றார். பாவம், இவர் முகம் செத்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் ரசஞ்சோற்றைப் பிசைந்து ஊட்டியதும் அவர்தான். ஆனாலும் ஆட்டோவில் திரும்பும்போது, இனி வாளி இவருக்குத்தான் என்ற எண்ணம் வலிக்கு நடுவிலும் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

மூன்று நாள் முனகிக்கொண்டே இறங்கினார். நாலாம் நாளிலிருந்து முனகல் நின்றுவிட்டது. பரவாயில்லையே, பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து மாடியில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, குப்பை வண்டியில் வரும் பெண் கீழிருந்து கேட்டாள்: "கை தேவலையாம்மா? சார்கிட்ட சொல்லுங்க, கறுப்புப் பையில இறுக்கிக் கட்டிக் குடுக்குறாரு. பிரிக்க முடியல."

"கறுப்புப் பையா?"

"ஆமாம்மா. முன்னாடி பச்சை, இப்பக் கறுப்பு. எதுவா இருந்தாலும் பிரிச்சுக் கொட்டிட்டு, பைய பிளாஸ்டிக்கோடதான் போடுறோம். எது மக்கும், எது மக்காதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பை எதுக்கும்மா? வாளியோட கொண்டாந்து கொட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

ஆறு மாதம் நான் பிழிந்த டீத்தூள் அத்தனையும் கண்முன் வந்து நின்றது.

கறுப்புச் சுருள் ஸ்கூட்டர் டிக்கியில், மழைக்கோட்டுக்கு அடியில் இருந்தது. இடது கையால் எடுத்து வந்து அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் மேல் வைத்தேன். "பச்சைப் பை ஒழுகுதுல்ல" என்றார்.

ஏதோ அவரே கண்டுபிடித்தது போலச் சொன்னார். கத்தத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. "பச்சையும் வேணாம், கறுப்பும் வேணாம். வாளியோட எடுத்துட்டுப் போங்க. கொட்டிட்டு, கீழ குழாயில கழுவிட்டு மேல வாங்க" என்றேன். அவர் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார். அதற்கப்புறம் குப்பையைப் பற்றி அவர் யாருக்கும் போன் செய்து நான் கேட்டதில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, வாளியை என் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். "கை சரியாயிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். தெருமுனையில் வண்டியின் பாட்டுக் கேட்டது. நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வண்டி வந்து நின்றால், முதலில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுந்திரிக்கிறார். நானும் இன்றுவரை எழுந்திரிக்கவில்லை.