பண்டகசாலை வாசலில் நான்கு எழுத்துகள்

அந்த டச்சுக்காரர் காலத்து எழுத்துகளை அழித்தவன் நான்தான். கருவாட்டு உப்பு அல்ல... நான்!

நீங்கள் பாராட்டிய அந்தப் புகைப்படம் நினைவிருக்கிறதா? கீழக்கரைப் பக்கம் கடலோரத்தில் ஒரு பழைய பண்டகசாலை. வாசலுக்கு மேல் சுண்ணாம்புச் சாந்தில் புடைத்து நிற்கும் நான்கு அந்நிய எழுத்துகள். கேமராவோடு ஊர் ஊராக அலைந்தவன் நான். அதைக் கண்ட காலையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை!

உள்ளே கருவாடு அடுக்கி வைத்திருந்த பாக்கியம் அக்காதான் ஏணி கொடுத்தார். "வருசா வருசம் வெள்ளையடிக்கோம் தம்பி. எழுத்து உள்ளுக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மீன் காயப்போடக் கடற்கரைக்குப் போனார்.

பழைய எழுத்தின் மேல் தண்ணீரைத் தவிர எதுவும் படக்கூடாது. எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்! ஆனால் வெயில் சுவரை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது... வெள்ளையோ ஏடு ஏடாக ஒட்டிக் கிடந்தது. கடைக்கு ஓடினேன். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை வாங்கி வந்து ஊற்றினேன்.

புஸ்ஸென்று பொங்கியது! வெள்ளை வழிய வழிய, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அடடா, என்ன அழகு! படம் படமாக எடுத்துத் தள்ளினேன். எழுத்தும் சுண்ணாம்புதானே என்று எனக்கு உறைத்தபோது, அது பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியிருந்தது. ஏணியைச் சாத்திவிட்டு, சொல்லிக்கொள்ளாமல், முதலில் வந்த முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

படம் பரிசு வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மொட்டைச் சுவரைக் கண்டார்கள். கருவாட்டு உப்பு அரித்துவிட்டது என்று முடிவு கட்டி, ஊர்க் கமிட்டி பாக்கியம் அக்காவைக் கட்டடத்திலிருந்து வெளியேற்றியது.

அவர் என்னைத்தான் போனில் அழைத்தார். "நீ படம் எடுக்கயில எழுத்து முழுசா இருந்துச்சுல்ல தம்பி? இங்கன வந்து ஒரு வார்த்தை சொல்லுப்பா."

என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லையே! "வாரேன்க்கா" என்றேன். போகவில்லை... மழை வந்தால் கருவாட்டை எங்கே கொண்டு ஒதுக்குவார்?

இன்றும் அந்தப் படத்தைப் பார்த்தால் நெஞ்சு துள்ளுகிறது. வெட்கங்கெட்ட நெஞ்சு! கடைசி எழுத்தின் கீழே வெண்மையாக ஏதோ மின்னுகிறதே என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள். காலை வெளிச்சம் என்றேன். அது ஆசிட் நுரை.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.