எப்போது என்று கேட்டவர்

தெற்கு இத்தாலியில் ஒரு கடலோர ஊரின் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறோம். ஒரு வாரம் எங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்த ரோசா, வழியனுப்ப வந்திருக்கிறார். எழுபது வயதிருக்கும். என் மனைவி சாந்தி முதல் நாளிலிருந்தே அவரை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது இருபது ஆங்கிலச் சொற்கள். அதை வைத்தே ஓயாமல் பேசினார்கள். தேவாலயங்களை நான் தனியாகத்தான் பார்த்தேன்.

வளைவில் பேருந்து தெரிகிறது. சாந்தி ரோசாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"போயிட்டு வரோம்க்கா." உடனே ஆங்கிலத்திலும் சொல்கிறாள்: "கோ, கம்."

ரோசாவின் முகம் மலர்கிறது. "வென்?"

எத்தனையோ வாசலில் இதைச் சொல்லியிருக்கிறோம். எப்போது என்று யாரும் கேட்டதில்லை. இந்தப் பயணமே மகள் எடுத்துக்கொடுத்த டிக்கெட். இன்னொரு முறை எங்கள் முழங்கால்கள் இவ்வளவு தூரம் வராது.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுன்னு சொல்லிடட்டுமா?" என்கிறேன்.

"நீங்க பேசாம இருங்க." பிறகு அவரிடம் தமிழிலேயே சொல்கிறாள்: "குறுவை அறுத்ததும் வரோம்."

அதை ஏதோ மாதத்தின் பெயர் என்று நினைத்து, "குருவாய், குருவாய்" என்று தலையாட்டுகிறார் ரோசா. பேருந்து நகர்ந்த பிறகும் கையசைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆத்துல தண்ணி வராம நாம குறுவை போட்டே ரெண்டு வருஷமாச்சே," என்கிறேன்.

சாந்தி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"அதான் அதைச் சொன்னேன்."