காருக்கு ஒரு கான் நல்ல தண்ணீர்

“மனிசர் குடிக்கிற தண்ணியக் காருக்கு ஊத்தலாமோ பிள்ளை?”

கோயிலடி நல்ல தண்ணீர்க் கிணற்றில் வரிசையில் நின்றபோது இரத்தினேஸ்வரி மாமி என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற துஷாந்தி அக்காவின் கையில் ஒரு சிவப்புக் கான் இருந்தது. அதில் ‘கார்’ என்று தடிப்பாக எழுதியிருந்தது. மாமியின் கண் அதில்தான். அக்காவோ திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருக்கும் எனக்கு இப்படி ஒரு கேள்வி போதும். அக்காவிடம் கேட்டேன், அவர் கணவர் குலசிங்கம் அண்ணையிடம் கேட்டேன், கார் திருத்தும் லாபிர் நானா வந்தபோது அவரையும் விடவில்லை. மூவரும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

துஷாந்தி அக்கா அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். விடியமுன் சமைத்து, மதியத்துக்குள் துறைமுகப் பக்கம் வேலை செய்பவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். கொண்டுபோவது ஒரு பழைய மொறிஸ் மைனர் காரில். பின் சீற்றைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்திருக்கிறார். கதவைத் திறந்தால் பெற்றோலும் மீன் குழம்பும் சேர்ந்து மணக்கும்.

எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. வீட்டுக் கிணறுகள் எல்லாம் உவர். குளிக்கலாம், துணி தோய்க்கலாம், அவ்வளவுதான். குடிக்கவும் சமைக்கவும் கோயிலடியில் இருந்து அள்ளி வர வேண்டும். அந்தத் தண்ணீரில் கை கழுவினாலே வீட்டில் ஏச்சு விழும்.

ஒரு நாள் உட்துறைமுக வீதியில் கார் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. றேடியேற்றரில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. சில மாதங்களுக்கு முன்னும் காருக்கு இதே வருத்தம்தான். அப்போது வேறோர் இடத்தில் என்ஜினின் இடைவெளியை அடைக்கும் கஸ்கற் தகட்டை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை கிண்ணியாவில் இருந்து லாபிர் நானா வீட்டுக்கே வந்தார். முற்றத்து வேம்பின் கீழ் என்ஜினின் மேல் பாகத்தைக் கழற்றினார். அந்தப் பாகத்தை எல்லோரும் ஹெட் என்றுதான் சொல்வார்கள். இரும்பு, நல்ல பாரம்.

“தங்கச்சி, ஒண்டு சொல்றன். இதில வெடிப்பு விழுந்திருந்தா என்னால ஒண்டும் ஏலாது. இப்ப வேற ஹெட் தேடி எடுக்கிறதும் கஷ்டம்.”

தம்பலகாமத்தில் ஒருவர் அந்தக் காரை வாங்கி, உடைத்து, உதிரியாக விற்கக் காத்திருந்தார். கார் போனால் பார்சலும் போகும். துறைமுக வாசலில் அக்கா நிற்கும் இடத்தில் வேறொருவர் வந்து நிற்க நாள் எடுக்காது.

ஹெட்டைக் கவிழ்த்தபோது தண்ணீர் ஓடும் துளைகள் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன. துருவின் மேல் வெள்ளைப் பொருக்கு. நானா ஆணியால் ஒரு துண்டைக் கிளப்பி நீட்டினார்.

“சமைக்கிற ஆள் நீங்கதானே, ருசி பாருங்க.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். அக்கா உண்மையாகவே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்.

“இது எங்கட கிணத்துத் தண்ணி. இந்தத் தண்ணியக் கொதிக்க வைச்சாக் கேத்திலுக்குள்ள இப்பிடித்தான் பிடிக்கும். ஆனா வழியில நான் நல்ல தண்ணியெல்லோ போத்தல்ல வைச்சு ஊத்திறனான்!”

இரண்டு பேரும் மெல்லத் திரும்பினார்கள். வீட்டுக் கிணற்றடியில் குலசிங்கம் அண்ணை வாளியோடு நின்றார். அக்கா சமைக்கும் நேரத்தில் காரைக் கழுவித் துடைப்பது அவர்தான். கடல் காற்றில் தகரம் கறள் பிடிக்கும் என்று ஒரு நாளும் விடமாட்டார்.

“கழுவி முடிய நான்தான் றேடியேற்றரை நிரப்பிறனான்,” என்றார். “நீ அவ்வளவு தூரம் மிதிச்சுக் கொண்டாற தண்ணி. அதை இரும்புக்கு ஊத்த எனக்கு மனம் வரேல்ல.”

நானா சிரித்தே விட்டார். “அண்ணன், வெளிய பளபளப்பாக்கிப்போட்டு உள்ளுக்கு நிலாவெளி உப்பளத்தையே கட்டி வைச்சிருக்கீங்க!”

அக்கா சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. “உலைக்கு ஊத்தாத தண்ணிய ஏனப்பா இதுக்கு ஊத்தினனீங்கள்? இதுவும் அடுப்புத்தானே,” என்றார்.

அன்று முழுவதும் அண்ணை கம்பியால் அந்தப் பொருக்கைக் குத்திக் குத்தி எடுத்தார். கரியையும் சுரண்டியபின் நானா ஹெட்டில் மண்ணெண்ணெய் பூசி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்தார். பிறகு குசினியில் இருந்து கோதுமை மா கேட்டார். வெடிப்பு இருந்தால் உள்ளே நிற்கும் எண்ணெய் கசிந்து, மாவில் கறுப்புக் கோடு காட்டுமாம். அக்கா ரொட்டிக்குத் தூவுவதுபோலத் தூவினார். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மா வெள்ளையாகவே கிடந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் நானா. அக்கா மா டின்னை மூடாமலே அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

பிறகு வந்தது பொறுமை வேலை. சூட்டில் வளைந்திருந்த ஹெட்டின் அடிப்பக்கத்தை லேத் பட்டறையில் கொடுத்து மட்டமாக்கினார்கள். வால்வுகளை அரைக்கும் பசை பூசித் தேய்த்து, அவை மூடும் இடத்தில் இடைவெளி இல்லாமல் படியவைக்க வேண்டும். நானா காட்டியபடி, வால்வில் ஒட்டி நிற்கும் கோலை அக்கா உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டினார்.

“மோர் கடையிற மாதிரித்தான்.”

“வெண்ணெய் வந்தாச் சொல்லுங்க,” என்றார் நானா.

அதுவரை பார்சல்கள் பக்கத்து வீட்டு ஓட்டோவில் போயின. பாதிதான் கொள்ளும். தேங்காய்ப்பால் சொதி வேறு வழியில் ஊற்றுப்படும்.

புதிய கஸ்கற் வைத்து, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக ஹெட்டைப் பிடிக்கும் சுரைகளை இறுக்கி முடித்தபோது, “தண்ணி!” என்றார் நானா. குலசிங்கம் அண்ணை குசினிக்குள் போனார். குடிக்க வைத்திருந்த கானைத் தூக்கி வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அவரே ஊற்றினார். கார் இருமியது, பிறகு சீராக ஓடியது. வெள்ளைப் புகை இல்லை.

“இனி ஒரு தேத்தண்ணி தாங்க தங்கச்சி.”

“எங்கால நானா? கார் குடிச்சிட்டுது!”

சிவப்புக் கான் அடுத்த நாள் வந்தது. ‘கார்’ என்று எழுதியது அண்ணை. துறைமுக வாசலில் அக்காவின் இடம் இன்றும் அக்காவுக்குத்தான்.

மாமியிடம் போய், “ஓம் மாமி, ஊத்தலாம். ஊத்தத்தான் வேணும்,” என்று இதெல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப அந்த மனிசன் பாவம்,” என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. உங்கள் கிணறும் உவர் என்றால், உங்கள் ஒழுங்கையிலும் யாரோ ஒருவர் நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு பழைய காருக்கு உப்பை ஊற்றிக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏசாமல் சொல்லுங்கள்.