ஊதாத சத்தத்துக்கு ஒரு முறைப்பாடு

இன்று காலை வாசலில் மீன் வாங்கும்போது பக்கத்து வீட்டு ஹாஜியாரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ராத்தா, நேத்து அஸர் தொழுகைக்குப் புறகு ஒங்கட பேத்தி சாக்ஸபோன் ஊதின ஊத்துல காது வெடிச்சிட்டு. பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?”

நேற்று அவள் பழகியது புதுமாதிரி இசைக்கான பயிற்சி. மூச்சை மட்டும் மெல்ல விட்டு, விரலால் விசைகளைத் தட்ட வேண்டும். பக்கத்தில் இருந்த எனக்கே காற்றுத்தான் கேட்டது.

“நேத்து சத்தமே வரல்லயே, புள்ள.”

“வராட்டியும் ஊதினதுதானே!”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன், சாக்ஸபோனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். பேத்தி இன்னும் சாப்பிடவில்லை.

அந்த ஹாஜியார் வீட்டு மகன் சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக் ஓடுகிறான். அது யாருக்கும் கேட்பதில்லை.

உங்கள் ஊர்க் காதுகளும் ஆள் பார்த்துத்தான் கேட்குமா?